பால் கேப்ஸ்யூலும் பாதி மாத்திரையும்

கேள்வி: எனக்கு 53 வயது. கோவில்பட்டி பக்கம் ஒரு கூட்டுறவு சங்கத்தில் கணக்கு வேலை பார்க்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் என் கணவருக்கு பைபாஸ் ஆபரேஷன் ஆனது. அவர் இப்போது நன்றாக இருக்கிறார். எனக்குத்தான் அன்றிலிருந்து தூக்கம் இல்லை. இரவில் மூன்று நான்கு தடவை எழுந்து அவருக்கு மூச்சு சீராக வருகிறதா என்று மூக்குக்குப் பக்கத்தில் கை வைத்துப் பார்ப்பேன். அப்போது ஒரு டாக்டர் ஆல்பிரசோலம் 0.5 மில்லிகிராம் எழுதிக் கொடுத்தார். பத்து நாளைக்கு என்று கொடுத்ததை இரண்டு வருடமாகப் போட்டுக்கொண்டிருக்கிறேன். தெரிந்த மெடிக்கலில் கேட்டால் கொடுத்துவிடுகிறார்கள். டொராண்டோவில் இருக்கும் மகள், பாலிலிருந்து எடுத்த பெப்டைடு என்று ஒரு கேப்ஸ்யூல் பாட்டில் அனுப்பியிருக்கிறாள். பதற்றம் குறையும், தூக்கம் வரும், பழக்கமாகாது என்று போட்டிருக்கிறது. இதை ஆரம்பித்துவிட்டு பழைய மாத்திரையை நிறுத்திவிடலாம் என்று இரண்டு நாளாகப் பாதியாக உடைத்துப் போடுகிறேன். அடுத்த வாரம் அடியோடு விட்டுவிடலாமா? ‘ஒரு டம்ளர் பாலில் இல்லாததா அந்தக் குப்பியில் இருக்கிறது’ என்கிறார் என் மாமியார். அதுவும் சரியா? எனக்குப் பால் குடித்தால் வயிறு உப்பும், அதனால் இந்தக் கேப்ஸ்யூல் ஒத்துக்கொள்ளுமா என்றும் சொல்லுங்கள். (பெயர் வெளியிட வேண்டாம்)

பதில்:

அம்மா, உங்கள் கடிதத்தில் மூன்று கேள்விகள் இருக்கின்றன. அதில் ஒன்று மட்டும் காத்திருக்க முடியாதது. அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மாத்திரையை அடுத்த வாரம் அடியோடு நிறுத்த வேண்டாம். இன்றிரவே பழைய அளவுக்கு, அதாவது முழு மாத்திரைக்குத் திரும்பிவிடுங்கள். இந்த வாரத்துக்குள் ஒரு மனநல மருத்துவரையோ, உங்களை நன்கு தெரிந்த பொது மருத்துவரையோ நேரில் பாருங்கள். குறைப்பதை அவர் சொல்கிற கணக்கில் ஆரம்பியுங்கள். நிறுத்த வேண்டும் என்ற உங்கள் எண்ணம் சரியானது. எனக்கு அதில் மகிழ்ச்சிதான். நிறுத்துகிற விதம்தான் ஆபத்து.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், இரண்டு வருடம் தினமும் இந்த வகை மாத்திரை போட்ட மூளை அதற்குத் தன்னைப் பழக்கிக்கொண்டுவிடும். நம் மூளையில் காபா என்று ஒரு ரசாயனம் இருக்கிறது. நரம்புகள் மிதமிஞ்சித் துடிக்காமல் அடக்கி வைப்பது அதன் வேலை. ஆல்பிரசோலம் அந்தக் காபாவின் கையை பலப்படுத்துகிறது. வெளியிலிருந்து இப்படி ஒரு துணை தினமும் வந்துகொண்டிருந்தால் மூளை தன் சொந்த ஏற்பாட்டைத் தளர்த்திக்கொள்ளும். திடீரென்று அந்தத் துணையை எடுத்துவிட்டால் அடக்க ஆள் இல்லாமல் போகிறது. தூக்கம் முன்னைவிட மோசமாகக் கெடும். கை நடுங்கும், வியர்க்கும், நெஞ்சு படபடக்கும், காரணமில்லாமல் பயம் வரும். சிலருக்கு வலிப்பே வந்துவிடும். ஆல்பிரசோலம் உடம்பிலிருந்து சீக்கிரம் வெளியேறுகிற மாத்திரை. ஏறத்தாழ 11 மணி நேரத்தில் பாதி போய்விடும். அதனால் இந்தத் தொந்தரவுகளும் ஓரிரு நாளிலேயே தொடங்கிவிடும்.

சில வருடங்களுக்கு முன்னால் உங்கள் வயதுடைய ஒரு அம்மாவை வெள்ளிக்கிழமை மாலை என்னிடம் கூட்டி வந்தார்கள். திருமண வீட்டுக்குப் போன இடத்தில் மாத்திரை அட்டையை மறந்துவிட்டு வந்து, ‘சரி, இதோடு விட்டுவிடுவோம்’ என்று நிறுத்திவிட்டாராம். மூன்றாம் நாள். தண்ணீர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்தும் புடவையெல்லாம் சிந்தியது. தனக்கும் மாரடைப்புதான் வந்துவிட்டது என்று அவர் நம்பினார். இ.சி.ஜி. சுத்தமாக இருந்தது. பழைய மாத்திரையைத் திரும்பத் தொடங்கியதும் நடுக்கம் அடங்கியது. பிறகு ஆறு மாதம் எடுத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, முழுவதும் நிறுத்தினோம். உங்களுக்கும் முடியும். அவசரப்படாமல் செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

எப்படிக் குறைப்பார்கள் என்று உங்களுக்கும் ஒரு பிடி இருக்கட்டும். பொதுவாக இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு முறை, அப்போதைய அளவில் பத்தில் ஒரு பங்கு போல இறக்குவோம். சிலருக்கு இன்னும் கொஞ்சம் வேகமாகப் போகும், சிலருக்கு ஒரு படியிலேயே ஒரு மாதம் நிற்க வேண்டியிருக்கும். 0.5 மாத்திரையை பிளேடால் பத்தாக நறுக்க முடியாது என்பது எனக்கும் தெரியும். அதற்காகவே குறைந்த அளவு மாத்திரைகள் இருக்கின்றன. சில நேரம் மெதுவாக வெளியேறுகிற வேறொரு மாத்திரைக்கு மாற்றி, அங்கிருந்து இறக்குவோம். நீங்கள் செய்ததுபோல ஒரே நாளில் பாதியாக்குவது பெரிய படி. இரண்டு நாள் தாங்கிவிட்டதால் இனியும் தாங்கும் என்று நினைக்க வேண்டாம்.

இன்னொன்றையும் மனத்தாங்கலோடு சொல்கிறேன். ஆல்பிரசோலம் ஹெச்-1 அட்டவணையில் இருக்கிற மருந்து. 2014 முதல் இந்த விதி நடைமுறையில் இருக்கிறது. மருத்துவரின் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. விற்றால் யாருக்கு, எந்த மருத்துவர் எழுதி, எவ்வளவு என்று தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். ‘தெரிந்தவர்கள்’ என்ற அன்பில் உங்களுக்குக் கிடைத்தது நன்மையில்லை அம்மா. பத்து நாள் சீட்டு இரண்டு வருடமாக நீண்டதற்கு அந்த அன்பும் ஒரு காரணம். உங்களைக் குறை சொல்லவில்லை. அந்தப் பத்து நாள் முடிந்ததும் உங்களைத் திரும்பக் கூப்பிட்டுப் பார்த்திருக்க வேண்டியது மருத்துவம் செய்கிற எங்கள் பொறுப்பு.

இப்போது மகள் அனுப்பிய பாட்டிலுக்கு வருவோம்.

இது ஏமாற்று வேலை அல்ல. பின்னால் ஒரு நிஜமான கண்டுபிடிப்பு இருக்கிறது, அழகான கண்டுபிடிப்பும்கூட. பால் குடித்த கைக்குழந்தை ஏன் அப்படி அமைதியாகிக் கண்ணயர்கிறது என்ற கேள்வி எந்த வீட்டிலும் எழக்கூடியது. வயிறு நிறைந்தது, தாயின் சூடு கிடைத்தது என்று நாம் விட்டுவிடுவோம். பிரான்சின் வடகிழக்கில் நான்சி என்ற ஊரிலுள்ள பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பாலின் புரதத்துக்குள்ளேயே தேடிப் பார்த்தார்கள். அவர்கள் கண்டதை 2001-ல் வெளியிட்டார்கள்.

பசும்பாலின் புரதத்தில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு கேசின். தயிர் உறைவதும் பால் திரிந்து கட்டியாவதும் இதனால்தான். அந்தக் கேசினிலும் சில வகைகள் உண்டு. அதில் ஒன்று ஆல்பா எஸ்-1 கேசின். 199 அமினோ அமிலங்களை வரிசையாகக் கோத்த மணிமாலை என்று அதை நினைத்துக்கொள்ளுங்கள். டிரிப்சின் என்ற செரிமான நொதி இந்த மாலையைக் கண்ட இடத்தில் வெட்டாது. குறிப்பிட்ட இரண்டு வகை மணிகளுக்கு அடுத்து மட்டும்தான் வெட்டும். அப்படி வெட்டும்போது விழுகிற துண்டுகளில் ஒன்று, 91-லிருந்து 100 வரையிலான பத்து மணிகள் கொண்ட சிறு சரம். இப்படிப்பட்ட சிறு புரதத் துண்டைத்தான் பெப்டைடு என்கிறார்கள். மூளையில் டயசெபாம், உங்கள் ஆல்பிரசோலம் போன்ற பென்சோடயசெபின் வகை மாத்திரைகள் போய் ஒட்டுகிற அதே இடத்தில் இந்தச் சரமும் ஒட்டுகிறது என்று கண்டார்கள். எலிகளுக்குக் கொடுத்தபோது பதற்றம் குறைந்தது. அதனால்தான் கேசினையும் பென்சோடயசெபினையும் சேர்த்து ஆல்பா-காசோஜெபின் என்று பெயர் வைத்தார்கள். பிரான்சின் வடக்கே ஆராஸ் நகரைச் சேர்ந்த ஒரு பால்பொருள் நிறுவனம் இதை லாக்டியம் என்ற பெயரில் தயாரிக்கிறது. உங்கள் பாட்டிலின் பின்பக்கம் சிறிய எழுத்தில் அந்தப் பெயரோ, ‘கேசின் ஹைட்ரோலைசேட்’ (வெட்டப்பட்ட கேசின்) என்ற சொல்லோ இருக்கும், பாருங்கள்.

கேப்ஸ்யூலைப் பிரித்தால் பால் பவுடர் மாதிரி வெளிறிய தூள் இருக்கும். கொஞ்சம் நாக்கில் வைத்தால் பாலின் இனிப்பு இருக்காது, கசக்கும். கேசினைத் துண்டு துண்டாக வெட்டினாலே கசப்பு வந்துவிடும். பயப்பட வேண்டாம், கெட்டுப்போனதல்ல.

இதுவரை கேட்டால் உங்கள் மாத்திரைக்கு மாற்று கிடைத்துவிட்டது போலத்தான் தோன்றும். ஒரே பூட்டுக்கு இரண்டு சாவி. ஆனால் அந்த 2001 ஆய்விலேயே இன்னொரு எண்ணும் இருக்கிறது. டயசெபாமோடு ஒப்பிட்டால் இந்தச் சரத்தின் பிடிமானம் சுமார் 10,000 மடங்கு குறைவு. எலிகளிடம் அந்தப் பிடிமானத்தை வைத்து எதிர்பார்த்ததைவிட நல்ல பலன் தெரிந்தது உண்மைதான். ஆனாலும் இரண்டு வருடமாக ஆல்பிரசோலம் நின்ற இடத்தில் இதை நிறுத்தி, நடுக்கமும் வலிப்பும் வராமல் இது பார்த்துக்கொள்ளும் என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. யானை இழுத்துக்கொண்டிருந்த தேரில் கன்றுக்குட்டியைப் பூட்டுவது மாதிரி ஆகிவிடும். ‘பழக்கமாகாது’ என்று பாட்டிலில் போட்டிருப்பது இந்தக் கேப்ஸ்யூலைப் பற்றி. ஏற்கெனவே பழகிவிட்ட மாத்திரையை இது விடுவித்துவிடும் என்று அதற்குப் பொருள் இல்லை.

சரி, மாத்திரையே போடாத ஒருவருக்கு இது உதவுமா? மனிதர்களிடம் செய்த ஆய்வுகளில் எனக்குப் பிடித்தது 2005-ல் வந்த ஒன்று. 42 ஆரோக்கியமான ஆண்கள். பாதிப் பேருக்கு இந்தத் தூள், மீதிப் பேருக்கு அதே மாதிரித் தெரிகிற வேறு கேப்ஸ்யூல். யாருக்கு எது என்று யாருக்கும் தெரியாது. பிறகு அவர்களுக்கு வேண்டுமென்றே மன அழுத்தம் கொடுத்தார்கள். ‘சிவப்பு’ என்ற சொல்லைப் பச்சை மையில் எழுதிக் காட்டி, சொல்லைப் படிக்காமல் நிறத்தை மட்டும் வேகமாகச் சொல்லச் சொல்வார்கள். செய்து பாருங்கள், ஒரு நிமிடத்தில் நமக்கே எரிச்சல் வரும். அடுத்து ஐஸ் தண்ணீரில் கையை முக்கி வைத்திருக்க வேண்டும். இரண்டிலும் ரத்த அழுத்தம் ஏறும். பெப்டைடு எடுத்தவர்களுக்கு அந்த ஏற்றம் குறைவாக இருந்தது.

இதில் உங்கள் மாமியாருக்கான பதிலும் இருக்கிறது. மற்றவர்களுக்குக் கொடுத்த அந்த ‘வேறு கேப்ஸ்யூல்’ என்ன தெரியுமா? கொழுப்பு நீக்கிய பால் தூள். அதாவது வெறும் பாலுக்கு வராத பலன், வெட்டப்பட்ட பாலுக்கு வந்தது.

பெரியவர் கேட்டது நியாயமான கேள்வி. ஒரு டம்ளர் பாலில், 200 மில்லி என்று வைத்தால், அந்த ஆல்பா எஸ்-1 கேசின் கிட்டத்தட்ட இரண்டு கிராம் இருக்கும். கேப்ஸ்யூலில் இருப்பதோ வழக்கமாக 150 மில்லிகிராம் தூள், அதிலும் அந்தப் பத்து மணிச் சரம் சிறு பங்குதான். மூலப்பொருள் டம்ளரில்தான் அதிகம். வித்தியாசம் வெட்டுகிற கத்தரிக்கோலில் இருக்கிறது. வளர்ந்தவர்களின் இரைப்பையில் அமிலமும் பெப்சின் என்ற நொதியும் முதலில் கைவைத்துவிடும். அவை வேறு இடங்களில் வெட்டும். டிரிப்சின் வருவதற்குள் மாலை ஏற்கெனவே கலைந்துபோயிருக்கும். கைக்குழந்தையின் வயிற்றில் அமிலம் குறைவு, அங்கே கதை வேறு. ஆலையில் டிரிப்சினை மட்டும் விட்டு வெட்டுவதால்தான் அந்தச் சரம் முழுசாகக் கிடைக்கிறது.

அதற்காக ராத்திரிப் பாலை நிறுத்தச் சொல்ல மாட்டேன். வெதுவெதுப்பான பால், ஒரு சிட்டிகை ஜாதிக்காய், விளக்கை அணைக்கும் முன் பத்து நிமிட அமைதி, இவை சேர்ந்து உடம்புக்கு ‘நாள் முடிந்தது’ என்று சொல்கிற சடங்கு. பலருக்கு அது வேலை செய்வதை நானே பார்த்திருக்கிறேன். ஜாதிக்காய் மட்டும் சிட்டிகையைத் தாண்டக் கூடாது. அளவு மீறினால் அது நஞ்சு, குமட்டலும் மனக்குழப்பமும் வரும். மாமியாரிடம் இதைப் பதமாகச் சொல்லிவிடுங்கள்.

மற்ற ஆய்வுகளையும் சொல்லிவிடுகிறேன். கொரியாவில் மன அழுத்தத் தொந்தரவுகள் இருந்த 63 பெண்களுக்கு ஒரு மாதம் தினமும் 150 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்தார்கள், 2007-ல் வெளிவந்தது. அவர்கள் சொன்ன தொந்தரவுகள் ஓரளவு குறைந்தன. 2019-ல், அதே நாட்டில், தூக்கக் குறைபாடு இருந்த 48 பேரிடம் நான்கு வாரம் பார்த்ததில், தூங்க ஆகும் நேரம் கொஞ்சம் குறைந்து, தூங்கிய நேரம் கொஞ்சம் கூடியது. மூன்று ஆய்வையும் கூட்டினால் 153 பேர். எல்லாம் சில வார விஷயம். இத்துறை ஆய்வுகள் சிலவற்றில் தயாரிப்பு நிறுவனத்துக்கும் தொடர்பு உண்டு. ‘மன அழுத்தத்தைக் குறைக்கும்’ என்று எழுத அனுமதிக்கலாமா என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஆராய்ந்தபோது, ஆதாரம் போதாது என்றே முடிவு சொன்னது. அந்தச் சரம் குடலைத் தாண்டி மூளை வரை எவ்வளவு போய்ச் சேர்கிறது என்பதும் இன்னும் தெளிவாக நிறுவப்படவில்லை.

இந்தப் பொருளை அதிகம் நம்பிப் பயன்படுத்துகிறவர்களில் கால்நடை மருத்துவர்களும் உண்டு என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டும். ஜில்கீன் என்ற பெயரில் நாய் பூனைகளுக்கு இதே பெப்டைடு வருகிறது. வெடிச்சத்தத்துக்கு நடுங்குகிற நாய், வீடு மாறியதும் கட்டிலடியில் ஒளிகிற பூனை, இவற்றுக்குக் கேப்ஸ்யூலைப் பிரித்துச் சோற்றில் தூவிக் கொடுப்பார்கள். பூனைக்கு யாரும் ‘இது உனக்கு நல்லது’ என்று சொல்லி நம்பிக்கை ஊட்ட முடியாது. அதனால் அங்கே கிடைத்த நல்ல முடிவுகளை நான் ஒரேயடியாகத் தள்ளிவிடுவதில்லை.

என் மதிப்பீடு இதுதான்: லேசான பதற்றம், லேசான தூக்கக் குறைவு உள்ளவர்களுக்கு ஒரு சிறு கைகொடுப்பாக இருக்கலாம். தீங்கு பெரிதாக இல்லை. நோய்க்கு மருந்து என்று இதை நான் எழுதிக் கொடுக்க மாட்டேன். நம் நாட்டில் இந்த வகைப் பொருள்களின் லேபிளில் ‘மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல’ என்று அச்சிட்டிருக்க வேண்டும் என்பதே உணவுப் பாதுகாப்பு விதி.

வயிற்று உப்புசம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பால் குடித்தால் உப்புகிறது என்றால் பெரும்பாலும் பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரை செரிக்காததுதான் காரணம். நம் ஊரில் பெரியவர்களுக்கு இது சாதாரணம். தயிரும் மோரும் ஒத்துக்கொள்கிறதென்றால் அதேதான். கேப்ஸ்யூலில் லாக்டோஸ் மிக மிகக் குறைவாக இருக்கும், உப்ப வைக்க வாய்ப்பு குறைவு. பால் ஒவ்வாமை என்பது வேறு விஷயம். பால் பட்டாலே தடிப்பு, அரிப்பு, உதடு வீக்கம், மூச்சிரைப்பு வருகிறவர்கள் பாலின் புரதத்துக்கே எதிரிகள். கேசின் அதில் முக்கியமான குற்றவாளி. வெட்டிய துண்டுகளும் ஆபத்தாகலாம், அவர்கள் இதைத் தொடவே கூடாது. உங்களுக்கு அப்படி எதுவும் எழுதவில்லை. இருந்தாலும் மருத்துவரிடம் பாட்டிலையே கையோடு எடுத்துப்போய்க் காட்டுங்கள்.

இப்போதைக்குப் பாட்டிலை மூடி வையுங்கள் என்பது என் யோசனை. காரணம் எளிது. மாத்திரையைக் குறைப்பதும் கேப்ஸ்யூலைத் தொடங்குவதும் ஒரே மாதத்தில் நடந்தால், தூக்கம் கெட்டாலும் கூடினாலும் எதனால் என்று உங்களுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. மாத்திரை இறங்கத் தொடங்கி, ஒன்றிரண்டு படி தாண்டிய பிறகு, மருத்துவர் சரி என்றால் இரவு படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னால் ஒன்று என்று நான்கு வாரம் போட்டுப் பாருங்கள். பலன் தெரியாவிட்டால் விட்டுவிடுங்கள். இதை நிறுத்த எந்தப் படியும் தேவையில்லை.

நான் இவ்வளவு நேரம் பாட்டிலைப் பற்றிப் பேசினாலும், உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி வேறு. ‘மூக்குக்குப் பக்கத்தில் கை வைத்துப் பார்ப்பேன்’ என்று எழுதியிருந்தீர்கள்.

இரண்டு வருடம். ஒரு இரவுக்கு மூன்று தடவை என்றாலும் இரண்டாயிரம் தடவைக்கு மேல் அந்த இருட்டில் கை நீட்டியிருக்கிறீர்கள். ஒவ்வொரு தடவையும் மூச்சு வந்திருக்கிறது. ஆனாலும் மனது நம்பவில்லை. ஏன் தெரியுமா? கை வைத்துப் பார்த்ததும் ஒரு நிம்மதி வருகிறது அல்லவா, அந்த நிம்மதிதான் மனதுக்குத் தவறான பாடம் சொல்லிக் கொடுக்கிறது: ‘நான் பார்த்ததால்தான் அவர் நன்றாக இருக்கிறார்.’ பார்க்காமல் விட்ட ஒரு இரவு முழுசாக விடிந்ததை அது இதுவரை காணவே இல்லை. ஆபரேஷன் நாளில் ஐ.சி.யூ. வாசலில் உட்கார்ந்திருந்த உங்கள் மனது இன்னும் வீட்டுக்குத் திரும்பவில்லை. ஆல்பிரசோலம் அதை அரைமயக்கத்தில் அங்கேயே உட்கார வைத்திருந்தது. பால் பெப்டைடும் அதைக் கைபிடித்து வீட்டுக்குக் கூட்டி வராது.

இதற்குப் பேச்சு வழியான சிகிச்சை இருக்கிறது, நன்றாகவே பலன் தரும். நீங்கள் இப்போதே தொடங்கக்கூடிய ஒன்றைச் சொல்கிறேன். உங்கள் கணவருடைய இதய மருத்துவரிடம் அடுத்த தடவை போகும்போது நீங்களும் உடன் போங்கள். ‘இவருக்கு இரவில் நான் கவனிக்க வேண்டியது ஏதாவது இருக்கிறதா?’ என்று நேராகக் கேளுங்கள். அவர் இல்லை என்று சொன்னால் அதை உங்கள் கையெழுத்தில் எழுதிக்கொள்ளுங்கள். 108 என்ற எண்ணையும், பக்கத்தில் யாரைக் கூப்பிட வேண்டும் என்பதையும் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். பிறகு படுக்கப் போகும்போது ஒரே ஒரு தடவை பாருங்கள். நடுவில் விழித்தால் கையை நீட்டாமல் பத்து நிமிடம் பொறுங்கள். முதல் சில நாள் நெஞ்சு அடித்துக்கொள்ளும். அந்தப் பயம் ஒரு உச்சம் போய்த் தானாக இறங்கும், இறங்குவதை நீங்களே உணர்வீர்கள். பத்து நிமிடத்தை அடுத்த வாரம் இருபதாக்குங்கள். உங்கள் கணவரிடமும் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். இருட்டில் மூக்கருகே வருகிற கை அவருக்கும் இத்தனை நாளாகத் தெரிந்துதான் இருக்கும்.

தூக்கத்துக்கென்று இதே வழியில் ஒரு சிகிச்சை முறை இருக்கிறது. நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன்னால் இதைத்தான் கொடுக்க வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016-ல் வழிகாட்டியது. அதன் சாரம் நம் பெரியவர்களுக்கும் புரியும். எத்தனை மணிக்குத் தூங்கினாலும் எழுவது ஒரே நேரம், ஞாயிற்றுக்கிழமையும் அதேதான். தூக்கம் கண்ணைச் சுற்றிய பிறகுதான் படுக்கை. கால் மணி நேரமாகத் தூக்கம் வரவில்லை என்று தோன்றினால் எழுந்து முன்னறையில் மங்கிய வெளிச்சத்தில் உட்காருங்கள், வந்ததும் திரும்பிப் போங்கள். கண்ணில் படுகிற இடத்திலிருந்து கடிகாரத்தை எடுத்துவிடுங்கள், செல்போனையும்தான். மதியத்துக்கு மேல் காபி வேண்டாம். நாலு மணிக்குக் குடித்த காபியில் பாதி, இரவு ஒன்பது பத்து மணிக்கும் ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். கணக்கு வேலை பார்க்கிறவர் நீங்கள், ஒரு நோட்டுப் போட்டு படுத்த நேரம், எழுந்த நேரம், நடுவில் எத்தனை தடவை விழிப்பு, எத்தனை தடவை கை வைத்துப் பார்த்தீர்கள் என்று தினமும் காலையில் எழுதி வாருங்கள். அந்த நோட்டு எந்த ஸ்கேனையும்விட எங்களுக்கு உதவும்.

மருத்துவரைப் பார்க்கும்போது சில விஷயங்களைக் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். 53 வயது என்பதால், மாதவிடாய் நின்றதா, இரவில் திடீரென்று உடம்பு கொதித்து வியர்த்து விழிப்பு வருகிறதா என்பது முக்கியம். அதற்குத் தனி சிகிச்சை உண்டு. தைராய்டும் ஹீமோகுளோபினும் பார்த்துவிடலாம். நீங்கள் குறட்டை விடுகிறீர்களா, நடுவில் மூச்சுத் திணறி எழுகிறீர்களா என்று கணவரிடம் கேளுங்கள். மூச்சை நீங்கள் அவருக்குப் பார்த்தீர்கள், உங்களுக்கு யாரும் பார்க்கவில்லை. விடியற்காலை மூன்று மூன்றரைக்கே விழித்து, எதிலும் மனம் ஒட்டாமல், அழுகை வருகிறதென்றால் அது மனச்சோர்வாக இருக்கலாம், அதையும் மறைக்க வேண்டாம்.

பக்கத்தில் மனநல மருத்துவர் யாரென்று தெரியாவிட்டால், மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. வலிப்பு வந்தாலோ, மனக்குழப்பமோ இல்லாதது தெரிவதோ கேட்பதோ இருந்தாலோ, உயிர்மேல் வெறுப்பு வந்தாலோ நாள் பார்க்காமல் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும், மாத்திரை அட்டையைக் கையோடு எடுத்துக்கொண்டு.

மகளிடம் அடுத்த பாட்டில் இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லுங்கள். அவள் அனுப்பியதில் தப்பில்லை, அம்மாவுக்குப் பழக்கமாகிற மாத்திரை வேண்டாம் என்று நினைத்திருக்கிறாள். முடிந்தால் அவளிடம் வேறொன்று கேளுங்கள்: மாத்திரை இறங்குகிற மாதங்களில், நம் ஊர் இரவு ஒன்பது மணிக்கு, டொராண்டோவில் அது காலை நேரம், தினமும் ஐந்து நிமிடம் உங்களோடு பேசட்டும். அப்பாவின் உடம்பைப் பற்றி அல்ல, உங்களைப் பற்றி.